ஆத்தங்குடிக் கல்லும் பழனிப் பஞ்சாமிர்தமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறையில் கூலி வேலை பார்க்கிறேன். "எதைச் செய்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்கிறார்கள். பாடுகிறவரும் பிரசங்கிக்கிறவரும் அப்படிச் செய்யலாம். சிமெண்டும் மணலும் குழைக்கிறவன் எப்படிச் செய்வது?
– ஒரு சகோதரர், ஆத்தங்குடி

சகோதரரே, அந்த வசனத்தோடு கொலோசெயர் 3:22, 23 வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று பவுல் எழுதியது வீட்டு அடிமைகளுக்கு. தண்ணீர் சுமந்தவர்களும் மாவரைத்தவர்களும்தான் அந்தக் கடிதத்தைச் சபையில் உட்கார்ந்து கேட்டார்கள். "பார்வைக்கு ஊழியம்" செய்யாதிருங்கள் என்பது அதற்கு முந்தின வசனம். முதலாளி நிற்கும்போது ஒரு விதம், அவர் நகர்ந்ததும் இன்னொரு விதம் என்று இருக்காதே என்கிறார்.

இதை உங்கள் பட்டறைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்தை வைக்கிறீர்கள், அச்சை இறக்குகிறீர்கள், அறை அறையாக வர்ணக் கலவையை ஊற்றுகிறீர்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறீர்கள். வாங்குகிறவர் கண்ணுக்குப் படுவது கண்ணாடி பட்ட அந்தப் பளபளப்பான முகம் மட்டும். ஏமாற்ற முடிகிற இடங்கள் எல்லாம் அதற்கு அடியில் இருக்கின்றன. வர்ண அடுக்கை மெல்லிசாக ஊற்றினால் கல் புதிதில் அழகாகவே இருக்கும். சில வருஷம் ஆள் நடந்தபின் வர்ணம் தேய்ந்து அடியிலுள்ள சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். கலவையில் தண்ணீர் கூடினால் ஒரு நிறம் இன்னொன்றில் கசியும், கல்லும் வலுவிழக்கும். தொட்டியில் ஊற வேண்டிய நாளைக் குறைத்தால் சிமெண்ட் முழுதாக இறுகாது. அப்படிப்பட்ட கல்லைத் தளத்தில் பதித்தபின் மயிரிழை போல விரிசல் விடும். கல் வண்டியேறிப் போனபிறகு இது யாருடைய கை வார்த்தது என்று எவரும் கேட்கப் போவதில்லை. கேட்கிறவர் ஒருவர் உண்டு என்று நம்புகிறவரின் கல் வேறு மாதிரி இருக்கும். வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது ஊறவைக்கும் நாளுக்கு ஈடாகாது.

முதலாளியே "நாளைக் குறை" என்றால்? தனியாகப் பார்த்து ஒருமுறை மரியாதையாகச் சொல்லுங்கள். முழு நாள் ஊறின கல் ஒன்று, அரைகுறையாக ஊறின கல் ஒன்று, இரண்டையும் உடைத்துக் காட்டுங்கள். தானியேல் முதல் அதிகாரத்தில் தானியேல் செய்ததும் இதே மாதிரிதான். முறுக்கிக்கொண்டு நிற்காமல், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி கேட்டான். அதற்குப் பிறகும் அவர் மாறாவிட்டால் அந்தக் கணக்கு அவருடையது. ஆனால் வாங்க வந்தவர் உங்களிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி வருஷந்தோறும் பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்து பஞ்சாமிர்தம் தருகிறார்கள். தீபாவளிக்கு அதிரசமும் கைமுறுக்கும் வரும். மனசு நோகக்கூடாது என்று வாங்கிக்கொண்டு, பிறகு குப்பையில் போட்டுவிடுகிறோம். இது சரியா?
– ஒரு வாசகி, கோட்டையூர்

குப்பையில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. முகத்துக்கு முன்னால் ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்கிற இந்த வழியில் கர்த்தருக்கும் கனமில்லை, ஆச்சிக்கும் கனமில்லை. ஒருநாள் அவர்கள் பார்த்துவிட்டால், கிறிஸ்தவர்கள் இரட்டை நாக்குக்காரர்கள் என்று நினைப்பதில் என்ன தப்பு?

நாம் காலண்டரில் தொங்கவிடும் "புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும்" என்ற வசனம் இந்தக் கேள்விக்கே எழுதப்பட்ட பதிலின் முடிவு. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் பேசுவது படைக்கப்பட்ட உணவைப் பற்றி. அவர் நாலு இடங்களைப் பிரிக்கிறார். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, எங்கிருந்து வந்தது என்று துருவாதே (10:25). விசுவாசியல்லாதவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, போக மனதிருந்தால் போ, முன்னால் வைத்ததைச் சாப்பிடு, விசாரிக்காதே (10:27). "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் உன்னிடம் சொன்னால் சாப்பிடாதே. சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு (10:28, 29). வழிபாட்டின் பந்தியிலேயே உட்காருவது கூடவே கூடாது, ஏனென்றால் கர்த்தருடைய பந்தியில் பங்குபெறுகிறவன் வேறொரு பந்தியில் பங்குபெற முடியாது (10:21).

இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். பஞ்சாமிர்தம் மூன்றாவது வகை. ஆச்சி அதைப் பிரசாதம் என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டால், நம்மோடு சேர்ந்து இவர்களும் முருகனை ஏற்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது நியாயமே. ஆகவே வேண்டாம். தீபாவளி அதிரசமும் முறுக்கும் இரண்டாவது வகையில் வரும். சட்டியிலிருந்து எடுத்து அண்டை வீட்டுக்கு அனுப்புகிற பலகாரம் அது. படைத்தார்களா இல்லையா என்று கேட்காதீர்கள், நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். அவர்களே "சாமிக்கு வச்சு எடுத்தது" என்று சொன்னால் மட்டும் கதை மாறும். அதிரசத்தையும் தொடவே கூடாது என்று சில சபைகளில் சொல்கிறார்கள். பவுல் திறந்து வைத்த கதவை நாம் பூட்ட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஆனாலும் மனச்சாட்சி இடறுகிறவர் சாப்பிடாதிருப்பதே நல்லது.

மறுப்பதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறவரிடம் மறுக்காதீர்கள். அடுத்த யாத்திரைக்கு முன்பே, சாவகாசமான ஒரு சாயங்காலம் போய்ச் சொல்லுங்கள். "ஆச்சி, இத்தனை வருஷம் எங்களை நினைச்சுக் கொண்டுவந்து குடுக்கிறீங்க, அந்தப் பிரியம் பெரிசு. ஆனா நாங்க இயேசுசாமியை மட்டும் கும்பிடறவங்க, வேற சாமிக்குப் படைச்சதைச் சாப்பிடறதில்லை. வாங்கிட்டுச் சாப்பிடாம வைக்கிறது உங்களுக்குச் செய்யிற மரியாதை இல்லைன்னு சொல்ல வந்தேன்." இவ்வளவு போதும். முருகனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசாதீர்கள். நடந்துவந்த காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கவும், அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் உங்களுக்குத் தடையில்லை. இதெல்லாம் செய்கிற வீட்டின் மறுப்பை ஆச்சி புரிந்துகொள்வார்கள். ஒன்றும் செய்யாத வீட்டின் மறுப்பு வெறும் அகங்காரமாகத்தான் தெரியும்.

கல்லூரியில் நண்பன் ஒருவன் கேட்டான்: "தன்னைப் புகழச் சொல்லும் மனிதனைத் தற்பெருமைக்காரன் என்கிறோம். உங்கள் கடவுள் எல்லாவற்றையும் தன் மகிமைக்காகச் செய்கிறார் என்றால் அவரும் அப்படித்தானே?" எனக்குப் பதில் வரவில்லை.
– ஒரு மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், தம்பி. கோபப்படாமல் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மனிதன் தன்னைப் புகழச் சொல்வது ஏன் தப்பு? ஒன்று, தனக்குச் சொந்தமில்லாததைத் தன்னுடையது என்கிறான். அவனுடைய அறிவும் அழகும் பணமும் அவனுக்குக் கொடுக்கப்பட்டவை. இரண்டு, அவனுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை அடுத்தவர் கைதட்டலால் நிரப்பப் பார்க்கிறான். இந்த இரண்டில் எது தேவனுக்குப் பொருந்தும்? "சகலமும் அவராலும் அவர் மூலமாயும் அவருக்காகவும் இருக்கிறது" (ரோமர் 11:36). ஆகவே முதல் குற்றம் விழவில்லை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே" (சங்கீதம் 50:12). இரண்டாவதும் விழவில்லை. நம் ஆராதனை அவருக்கு எதையும் கூட்டுவதில்லை. அத்தேனே பட்டணத்தில் பவுல் சொன்னதும் இதையே: தமக்கு ஏதோ தேவைப்படுவது போல அவர் மனுஷர் கையால் பணிவிடை கொள்ளுகிறவரல்ல (அப்போஸ்தலர் 17:25).

அப்படியானால் எதற்காகக் கேட்கிறார்? இருப்பவற்றிலெல்லாம் மேலானவர் அவர்தான் என்பது உண்மையானால், "என்னை விட்டு வேறொன்றில் உன் சந்தோஷத்தைத் தேடு" என்று அவர் சொன்னால் அது நமக்குச் செய்கிற வஞ்சனை. அவர் தம்மிடம் அழைப்பது நமக்கு நன்மை. கிறிஸ்தவ உபதேசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்க 1647-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையில் 107 கேள்விகள் உண்டு. முதல் கேள்வி, மனிதனின் பிரதான நோக்கம் என்ன என்பது. தேவனை மகிமைப்படுத்துவதும், என்றென்றும் அவரில் களிகூருவதும் என்பது அதன் பதில். இரண்டையும் ஒரே நோக்கமாக எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, நண்பரிடம் இதை விட்டுவிடாதீர்கள். யோவான் 12:23-இல் தாம் மகிமைப்படும் வேளை வந்தது என்கிறார் இயேசு. எந்த வேளை? மறுநாளோ மறுவாரமோ கிடைக்கப்போகிற சிங்காசனத்தைச் சொல்லவில்லை. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றித்தான் அடுத்த வசனம் பேசுகிறது. சிலுவையில் தம்மைக் கொடுத்ததைத் தம் மகிமை என்று சொல்கிற ஒருவரைத் தற்பெருமைக்காரர் என்று சொல்ல முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பிலிப்பியர் 2:6 முதல் 11 வரை சேர்ந்து வாசியுங்கள், விவாதத்தை அங்கே நிறுத்தி அவரை யோசிக்க விடுங்கள்.

ஞாயிறு பள்ளியில் திரித்துவத்தைச் சொல்லிக்கொடுக்க, தண்ணீர், ஐஸ், நீராவி என்ற உதாரணம் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. ஒரு பெரியவர் அது தப்பு என்கிறார்.
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

பெரியவர் சொன்னது சரி. அந்த உதாரணம் சட்டென்று புரிவதற்குக் காரணம், அது திரித்துவத்தைவிட எளிதான வேறொன்றைக் கற்பிக்கிறது. அதே தண்ணீர்தான் ஐஸாகிறது, பிறகு ஆவியாகிறது. அப்படியென்றால் ஒரே ஆள் முதலில் பிதாவாக, பிறகு குமாரனாக, பிறகு ஆவியாக வேஷம் மாறினார் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நூற்றாண்டில் சபேலியு என்பவர் பெயரால் அறியப்பட்ட இந்தப் போதனையைச் சபை அப்போதே தள்ளிவிட்டது. சூரியன், கதிர், வெப்பம் என்பதிலோ வேறு குறை: கதிர் சூரியனைவிடக் குறைந்தது, ஆகவே குமாரன் பிதாவைவிடக் குறைந்தவர் என்ற எண்ணம் விதைபடும். 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் மறுத்தது அந்த எண்ணத்தையே.

உதாரணத்தை விட்டுவிட்டுச் சம்பவத்தைச் சொல்லுங்கள். லூக்கா 3:21, 22. குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். பிறகு மூன்றே வரி மனப்பாடம்: தேவன் ஒருவரே. பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவியானவர் தேவன். பிதா குமாரனல்ல, குமாரன் ஆவியானவரல்ல, ஆவியானவர் பிதாவல்ல. "எப்படி டீச்சர்?" என்று கேட்டால், "நம் அறிவுக்கு முழுசா எட்டாதவர், அதனாலதான் அவரை ஆராதிக்கிறோம்" என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை ஏற்றுக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் தயக்கம்.

மகளுக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திருமண ஆராதனை குறித்தோம். அது ராகுகாலம், மாற்றுங்கள் என்கிறார்கள் இந்து உறவினர்கள். என்ன செய்வது?
– ஒரு தகப்பனார், பள்ளத்தூர்

"என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" (சங்கீதம் 31:15). ஏழரை முதல் ஒன்பது வரை கர்த்தருடைய கையிலிருந்து நழுவிப்போகிற நேரம் எதுவும் இல்லை. நீங்கள் பயந்து மாற்றினால் அது விசுவாசக் குறைவு. உறவினர் மனநிறைவோடு வந்து உட்காரட்டும் என்று ஒன்பதரைக்குத் தள்ளினால் அது அன்பு. அப்படித் தள்ளினாலும் "ராகுகாலத்தை நாங்கள் பார்ப்பதில்லை, உங்களுக்காக மாற்றினோம்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் "சுபமுகூர்த்தம்" வேண்டாம்.

என் கணவர் தண்டல் வசூல் வேலையில் இருக்கிறார். 10,000 ரூபாய் கடன் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். "15 சதவீதம்தானே" என்கிறார். வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகச் சபைக்குத் தவறாமல் கொடுக்கிறோம். ஆனாலும் என் மனசு சமாதானமாக இல்லை.
– ஒரு வாசகி, புதுவயல்

முதலில் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். வாங்கியவர் கையில் வந்தது 8,500, கட்டுவது 10,000, வட்டி 1,500. இது 15 சதவீதம் போலத் தெரிவதற்குக் காரணம், 8,500-க்குப் பதிலாக 10,000-ஐ வைத்து வகுப்பதும், நாட்களை மறந்துவிடுவதும்தான். தினமும் 100 திரும்பிப் போவதால், சராசரியாக அவரிடம் இருப்பது கொடுத்த பணத்தில் பாதிக்குச் சற்று மேல். அந்தப் பணத்துக்கு, அதுவும் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்கு, 1,500 ரூபாய் கட்டுகிறார். ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி, கந்து வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

எல்லா வட்டியும் பாவமா? இல்லை என்றே நினைக்கிறோம். தாலந்து உவமையில் பணத்தைக் காசுக்காரர் வசம் போட்டிருந்தால் வட்டியோடு வந்திருக்கும் என்று எஜமான் சொல்கிறான் (மத்தேயு 25:27). கடை விரிவாக்க வாங்குகிறவர் லாபத்தில் ஒரு பங்கைத் தருவது ஒன்று. அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழியில்லாமல் வாங்குகிறவரிடம் பிடுங்குவது முற்றிலும் வேறு. நியாயப்பிரமாணம் தடுத்தது இந்த இரண்டாவதை. யாத்திராகமம் 22:25 முதல் 27 வரை வாசியுங்கள். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடு, அவன் முறையிட்டால் நான் கேட்பேன், நான் இரக்கமுள்ளவர் என்கிறார் தேவன். உபாகமம் 24:6 மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது, அது ஒருவனுடைய பிழைப்பையே வாங்குவது. இன்றைக்குத் தையல் மெஷின், தள்ளுவண்டி, ஏ.டி.எம். கார்டு. அதே அதிகாரத்தின் 10, 11 வசனங்கள், அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில் என்கின்றன. வசூலுக்குப் போகிறவர் இந்த இரண்டு வசனங்களையும் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தசமபாகம் இதைச் சுத்தமாக்காது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறின வரி வசூல்காரன் சகேயு கொடுத்த வரிசை லூக்கா 19:8-இல் இருக்கிறது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலு மடங்கு திரும்ப. அவன் ஆலயக் காணிக்கையைப் பற்றிப் பேசவில்லை, பறிகொடுத்தவர்களைப் பற்றிப் பேசினான்.

உங்கள் கணவரிடம் சண்டை வேண்டாம். அவர் முதலாளி இல்லை, சம்பளக்காரர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். இன்றைக்கே நிறுத்தக்கூடியவை சில உண்டு: கெட்ட வார்த்தை, வீட்டுக்குள் நுழைவது, கார்டையும் பொருளையும் பிடித்து வைப்பது. கூடவே வேறு வேலை தேடட்டும். வருமானம் குறையும் மாதங்களுக்கு வீட்டுச் செலவைக் குறைக்க நீங்கள் தயார் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பல கணவன்மார் மாட்டிக்கொண்டிருப்பது அந்தப் பயத்தில்தான். சபையிலும் இதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். காணிக்கையை வாங்கிக்கொண்டு, அது வந்த வழியைக் கேட்காத சபை அவருக்கு உதவவில்லை.

குணமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்தபின் அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். "ஊசி போட்டால் விசுவாசமில்லை" என்று பிரசங்கியார் சொன்னாராம். இன்றோடு நாலாவது நாள்.
– ஒரு மகன், கானாடுகாத்தான்

உங்களுக்குக் கடிதத்தில் உடனே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே தருகிறோம். முதலில் டாக்டர், பிறகு உபதேசம். ஊசி நின்றது எத்தனை நாள் என்பதைச் சொல்லி, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அன்றே டாக்டரிடம் கேட்க வேண்டும். விட்டுப்போனதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு போடக்கூடாது. வாந்தி, வேகமான மூச்சு, அதிக தாகம், மயக்கம் போன்ற தூக்கம், இதில் எது தெரிந்தாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அம்மாவிடம் வசனத்தை வைத்தே பேசுங்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லை. விசுவாசம் போதாது என்று பவுல் எழுதவில்லை, வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்றார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). கூட இருந்த லூக்கா வைத்தியர். தன் மாம்சத்தில் முள் போல வருத்தின வேதனைக்காகப் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டபோது கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார், அதற்காக ஜெபியுங்கள். மருந்தும் அவர் கையிலிருந்து வருவதுதான்.

ஒரு போதனை ஆரோக்கியமானதா என்று பார்க்க, மகிமை கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சுகமானால் பிரசங்கியாருக்குப் பேர், ஆகாவிட்டால் நோயாளியின் விசுவாசத்தின்மேல் பழி. எந்த முடிவு வந்தாலும் பிரசங்கியார் தோற்பதில்லை, கிறிஸ்துவுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கூட்டத்தில் எந்த வேதபகுதி வாசிக்கப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது, சிலுவையைப் பற்றி எவ்வளவு நேரம், காணிக்கையைப் பற்றி எவ்வளவு நேரம் என்று அம்மாவிடமே கேளுங்கள். பெரோயா ஊரார் பவுலையே இப்படிச் சோதித்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள் (அப்போஸ்தலர் 17:11).

வேதத்தை ஒரு வருஷத்தில் முடிக்க ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறோம். வழி உண்டா?
– ஒரு குடும்பத்தினர், கண்டனூர்

மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாட்களில் தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முடிந்து ஏழு அதிகாரத்துக்கு இடமும் மிஞ்சும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் ஆறு வாசிக்கப் போகாதீர்கள், வாசிப்பு அதில்தான் நின்றுபோகிறது. விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதியை எடுங்கள். லேவியராகமம் வரும் வாரங்களில் எபிரெயர் 9, 10 அதிகாரங்களையும் கூட வைத்துக்கொண்டால் பலிகளின் பொருள் விளங்கும்.

குடும்பமாக வாசிப்பது வேறு, அதற்கு இவ்வளவு வேண்டாம். தீத்துவின் கடிதத்தில் மூன்றே அதிகாரம், 46 வசனம். ஒரு இரவுக்கு ஐந்தாறு வசனம் வாசித்தால் ஒன்பது நாளுக்குள் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்பாகவே உட்காருங்கள். சாப்பிட்டபின் பிள்ளைகள் தூங்கிவிடும்.